ஒரே ஒரு செல்போன் போதும், டீச்சர்!

• தமிழ்நாடு அரசுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு உண்டு. தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து, வீடியோவை முதல் நாளே டவுன்லோடு செய்துவிடுங்கள். வகுப்பில் சிக்னல் தேட வேண்டாம்.

• வினாடி வினாவுக்குப் பிள்ளைகளிடம் செல்போன் தேவையில்லை. பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினா செயலியின் அட்டைகளை அச்சிட்டுக் கொடுங்கள். விடைக்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடித்தால், அந்தச் செயலி உங்கள் செல்போன் கேமரா வழியே யாருடைய விடை சரி என்று காட்டிவிடும்.

• திரையிலேயே செய்து பார்க்க, அறிவியலுக்கு ஃபெட் இணையதளம், கணக்குக்கு ஜியோஜீப்ரா செயலி. வகுப்பறைக்கு இரண்டும் இலவசம். மின்சுற்றில் இன்னொரு பேட்டரி சேர்த்தால் பல்பு என்னவாகும் என்பதை முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதை ஃபெட்டில் செய்து காட்டுங்கள்.

• வீடியோ ஐந்து நிமிடம் என்றால், அதைப் பற்றிய பேச்சு பத்து நிமிடம் நடக்கட்டும்.

• கரண்ட் போனாலும் பாடம் நிற்கக் கூடாது. சாக்பீஸ் கைவசம் இருக்கட்டும்!