அரசு முத்திரையும் ஆவணங்களின் நம்பகமும்

அரசு நிர்வாகம் பெரும்பாலும் எழுத்தின் வாயிலாகவே நடைபெறுகிறது. ஆணையைப் பிறப்பிக்கும் அலுவலர் தலைநகரில் இருக்கிறார். அதைச் செயற்படுத்துபவர் தொலைவிலுள்ள மாவட்டத்தில் இருக்கிறார். அதன் பயனைப் பெற வேண்டிய குடிமகன் இவ்விருவரையும் நேரில் அறியாதவர். இந்நிலையில், கையில் கிடைத்த தாள் உண்மையிலேயே அரசிடமிருந்து வந்ததுதானா என்னும் ஐயத்தைப் போக்குவதற்கான ஏற்பாடே முத்திரை. உதவித்தொகை கோரும் மாணவருக்கும், நில உரிமையை நிலைநாட்ட முயலும் விவசாயிக்கும் இது வெறும் சடங்கு அன்று, வாழ்க்கைப் பிரச்னை.

பண்டைய முறை

முத்திரையின் நிர்வாகப் பயனை நம் நாடு தொன்றுதொட்டே அறிந்திருந்தது. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் ‘முத்திராத்யக்ஷர்’ என்ற அதிகாரியைக் குறிப்பிடுகிறது. நாட்டிற்குள் வருவோருக்கும் வெளியே செல்வோருக்கும் ஒரு மாஷகம் கட்டணத்தில் முத்திரையிட்ட அனுமதிச் சீட்டு வழங்குவது அவரது பணி. சீட்டின்றிச் செல்லும் நாட்டவருக்கு 12 பணம் அபராதம். போலிச் சீட்டு வைத்திருந்தோருக்கு அதைவிடக் கடுமையான தண்டனை.

பீகாரில் பண்டைய வைசாலி நகரம் இருந்த பஸார் என்னுமிடத்தில், 1903-04-இல் நடந்த அகழாய்வில் குப்தர் காலக் களிமண் முத்திரைப் பதிவுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றுட் பல, குமாராமாத்தியரின் அலுவலகம் போன்ற அதிகார நிலையங்களுக்குரியவை. அதிகாரியின் பெயருக்குப் பதில் அலுவலகத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. அதிகாரி மாறலாம், அலுவலகத்தின் பொறுப்பு தொடர வேண்டும் என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் அரச இலச்சினை பொருத்தப்பட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. இலச்சினையைச் சிதைக்காமல் ஓர் ஏட்டை நீக்கவோ சேர்க்கவோ இயலாது.

அரசுச் சின்னம்

சாரநாத்தில் அசோகர் நிறுவிய தூணின் சிங்கத் தலைப்பைத் தழுவி அமைந்த சின்னத்தை, 1950 ஜனவரி 26 அன்று இந்திய அரசு ஏற்றது. முகப்பில் மூன்று சிங்கங்கள் தெரியும். நான்காவது பின்புறம் மறைந்திருக்கும். பீடத்தின் நடுவே தருமச் சக்கரமும், வலப்புறம் காளையும், இடப்புறம் குதிரையும் உள்ளன. கீழே, முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்ட ‘சத்யமேவ ஜயதே’ என்னும் வாசகம் தேவநாகரி எழுத்தில் அமைந்துள்ளது.

இச்சின்னத்தை முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். எந்தெந்த அதிகாரிகள் சின்னத்தைப் பயன்படுத்தலாம் என்பதை 2007-ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன.

கையொப்பமும் முத்திரையும்

ஆணைக்குச் சட்ட வலிமை அளிப்பது முத்திரை மட்டுமே என்று எண்ணுதல் தவறு. மத்திய அரசின் நிர்வாக நடவடிக்கைகள் யாவும் குடியரசுத் தலைவரின் பெயரால் நடைபெறுகின்றன. அவ்வாணைகள் விதிகளில் கூறப்பட்டவாறு சான்றுறுதி செய்யப்பட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 77-ஆவது பிரிவு கூறுகிறது. மாநில அரசுகளுக்கு 166-ஆவது பிரிவு பொருந்தும். இதன்படி, செயலாளர் முதல் சார்புச் செயலாளர் வரையிலான அலுவலர்களின் கையொப்பமே ஆணையைச் சான்றுறுதி செய்கிறது. இம்முறை முழுமையாகப் பின்பற்றப்படாததனால் மட்டுமே ஆணை செல்லாததாகிவிடாது. ஆணை உரியவரால் பிறப்பிக்கப்பட்டதே என்பதை அரசு வேறு சான்றுகளால் நிலைநாட்டலாம் என்று 1952-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முத்திரை வெளிப்படையாக வேண்டப்படும் நேர்வுகளும் உண்டு. ஆளுநர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், கணக்குத் தணிக்கைத் தலைவர் ஆகியோரைக் குடியரசுத் தலைவர் தமது கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணைப் பத்திரத்தால் நியமிக்கிறார். அவை உயர்ந்த பொறுப்புகள் என்பதால், அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதில் எள்ளளவும் ஐயம் இருத்தலாகாது.

சாதாரணக் குடிமகன் முத்திரையைச் சந்திப்பது சான்றிட்ட நகல்களில்தான். பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமையுள்ளவர் கட்டணம் செலுத்தி நகல் கேட்கலாம். ‘உண்மை நகல்’ என்ற குறிப்பு, தேதி, அலுவலரின் கையொப்பம், பெயர், பதவி ஆகியவை அதில் இருக்க வேண்டும். முத்திரையிடச் சட்டப்படி அதிகாரம் பெற்றவராயின் முத்திரையும் வேண்டும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய சாட்சிய சட்டத்திலும் தொடர்கிறது. முறைப்படி அமைந்த நகலை மெய்யானது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். எனினும் எதிர்ச் சான்று காட்ட இடமுண்டு.

முத்திரையின் எல்லை

முத்திரை ஆவணத்தின் பிறப்பிடத்தைக் காட்டும். உள்ளடக்கம் உண்மை என்பதற்கு அது பிணை ஆகாது. விசாகதத்தரின் முத்ராராட்சசம் என்னும் வடமொழி நாடகத்தின் கதையே இதற்குச் சான்று. அமைச்சர் ராட்சசனின் கணையாழி சாணக்கியரிடம் சிக்குகிறது. வஞ்சகமாகத் தயாரித்த கடிதத்தில் அதன் முத்திரை பதிக்கப்படுகிறது. எழுதியவர் ராட்சசனின் நண்பர், முத்திரையும் உண்மையானது, செய்தி மட்டும் பொய். முத்திரை பிறர் கைக்குப் போனதே அனர்த்தத்திற்குக் காரணம்.

இன்று சிங்கச் சின்னத்தை அச்சிட்ட போலி நியமன ஆணைகளை நம்பி, சேமிப்பை இழக்கும் வேலை தேடுவோர் பலர். சின்னத்தை நகலெடுப்பது எளிது. ஆனால் ஆணை எண், தேதி, அனுப்புகைப் பதிவேட்டிலுள்ள பதிவு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் போலி வெளிப்பட்டுவிடும். ஆகவே, முத்திரையின் நம்பகம் அதற்குப் பின்னாலுள்ள பதிவேட்டையே சார்ந்துள்ளது.

புதிய முறைகள்

வெளிநாடுகளில் பயன்படுத்தப்படும் ஆவணங்களுக்கு, 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரே சான்று போதுமானது. இவ்வுடன்படிக்கை இந்தியாவைப் பொறுத்தவரை 2005 ஜூலை 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சான்றும் கையொப்பம், பதவி, முத்திரை ஆகியவற்றை மட்டுமே உறுதி செய்கிறது. ஆவணத்தின் வாசகத்தை அன்று.

2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்திற்குச் சட்ட ஏற்பு அளித்தது. இம்முறையில், ஆவணத்தின் வாசகத்திலிருந்து கணித முறைப்படி ஒரு சுருக்க எண் பெறப்பட்டு, அலுவலரின் இரகசியத் திறவுகோலால் அது கையொப்பமாக மாற்றப்படுகிறது. அதற்கு இணையான பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் அதைச் சரிபார்க்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. அரக்கு முத்திரையால் இயலாத காரியம் இது. ஆயினும், அலுவலர் தம் திறவுகோலையும் இரகசியக் குறியீட்டையும் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டால், ராட்சசனின் கணையாழிக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும்.

அலுவலரின் கடமை

எனவே, முத்திரையைப் பூட்டி வைத்தல், அதைப் பயன்படுத்துவோர் யார் என்பதை எழுத்தில் வரையறுத்தல், வெற்றுத் தாளில் முத்திரையிட மறுத்தல், ஒவ்வோர் ஆணையையும் பதிவேட்டில் குறித்தல், பணி மாறும்போது முத்திரையைக் கணக்குடன் ஒப்படைத்தல் ஆகியவற்றை அலுவலர்கள் சிறு காரியங்களாகக் கருதலாகாது. சான்று கேட்டு வரும் குடிமகனிடம் தேவையற்ற முத்திரைகளைக் கோரி அலைக்கழிப்பதும், பார்க்காமலே முத்திரையிட்டு அனுப்புவதும் ஒரே குறையின் இரு வடிவங்களே. இரண்டிலும் அலுவலர் தாம் செய்ய வேண்டிய சரிபார்த்தலை முத்திரையின் மீது சுமத்திவிடுகிறார். பதிவேட்டைப் பார்த்து, உண்மையறிந்து இடப்பட்ட முத்திரையே குடிமகனுக்குப் பயன்தரும்.