தீவில் இறங்க ஏன் தனிக் கட்டணம்?

கேள்வி: சொகுசுக் கப்பலில் போகிறவர்கள் சீட்டுக்கே பெருந்தொகை கட்டுகிறார்கள். அதற்கு மேலும் தீவுகள் நுழைவுக் கட்டணம் வாங்குவதும், கொரோனா காலத்தில் பரிசோதனைச் சான்று கேட்டதும் நியாயம்தானா?

பதில்: நியாயம்தான். வசூலிக்கிற விதத்தில்தான் பல சமயம் தவறு நடக்கிறது.

கிரீஸின் சாண்டோரினியில் வசிப்பவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். கோடையின் உச்ச நாள்களில் கப்பல்களிலிருந்து மட்டுமே கிட்டத்தட்ட அதே அளவு கூட்டம் இறங்கியிருக்கிறது. அவர்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் கப்பலில். நெரிசலும் குப்பையும் தீவுக்கு. அதனால்தான் 2025 ஜூலை முதல் அங்கும் மிக்கோனோஸ் தீவிலும் கப்பல் பயணிக்குக் கோடையில் 20 யூரோ, குளிர்காலத்தில் 4 யூரோ கட்டணம்.

பரிசோதனைக்கும் காரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குத் தொற்று. சுமார் 64,000 பேருக்கு ஒரே பொது மருத்துவமனை உள்ள பெர்முடா தீவு அஞ்சாமல் இருக்க முடியுமா?

ஆனால் 2022-இல் அதே பெர்முடா கப்பல் பயணிகளிடம் அனுமதி விண்ணப்பம், 40 டாலர், பரிசோதனை முடிவு என்று எல்லாவற்றையும் கேட்டது. எப்போதோ சீட்டு எடுத்து வைத்திருந்த குடும்பங்களுக்கு அது எதிர்பாராத செலவு, அலைச்சல். அந்த எரிச்சல் நியாயமானது.

கட்டணத்தைச் சீட்டு விலையிலேயே சேர்க்க வேண்டும். விதிகளைப் பல மாதங்கள் முன்பே அறிவிக்க வேண்டும். வசூலான பணம் எதற்குச் செலவாகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். இவற்றைச் செய்யாத அரசுகளையும் கப்பல் நிறுவனங்களையும் கேள்வி கேளுங்கள். தீவு மக்கள்மீது கோபம் வேண்டாம்.