தண்ணீர் ரெடி... மீன் எங்கே?



நம் ஆய்வகத்தில் அறிவியல் மன்றம் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, ஆண்டு விழா வேற வருது. இன்னும் ஏன் மீன் விடல?" தினமும் அந்தத் தண்ணீரைச் சோதிப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். மாமல்லபுரம் கடலில் அது கரைந்து போய்விடும். நாலு கண்ணாடிக்குள் எங்கே போகும்? செவுள்களைப் புண்ணாக்கி மீனையே கொன்றுவிடும். கடல்நீரின் பி.எச். சுமார் 8.1. பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும். ஆகவே பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியை விட இங்கே ஆபத்து அதிகம்.

துப்புரவுப் படை

இதற்கு இயற்கையே ஒரு படை வைத்திருக்கிறது. சில நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் கெடுதல்தான், இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கும். உப்புநீரில் அதன் வேகம் சற்றுக் குறைவு. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினால் குறைந்துவிடும்.

உங்களுக்குத் தெரியுமா? இந்த வகை பாக்டீரியாக்களை 1890 வாக்கில் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். 2005-ல், அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டியிலிருந்தே, அம்மோனியாவை உண்ணும் ஒரு புதிய நுண்ணுயிர் கிடைத்தது. அது பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா என்ற வேறு இனம்!

இந்தப் படை மெதுவாகத்தான் பெருகும். மணலிலும் கல்லிலும் ஃபில்டரிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குத் தீனி வேண்டுமே என்று ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டோம். (நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நன்றி!)

சோதிப்பது எப்படி?

1. சோதனைக் குழாயில் 5 மி.லி. தொட்டித் தண்ணீர் எடுக்க வேண்டும்.
2. மருந்துச் சொட்டுகளை எண்ணி விட்டு, மூடிக் குலுக்க வேண்டும்.
3. பெட்டியில் போட்டிருக்கும் நிமிடங்கள் வரை காத்திருந்து, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். எங்கள் பெட்டியில் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. நைட்ரைட் இல்லையென்றால் இளநீலம், இருந்தால் ஊதா.
4. ஹைட்ரோமீட்டரில் உப்பு அளவு 1.025 பக்கம் இருக்க வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் நடப்பதுதான் இங்கேயும்: தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் அல்ல.

எங்கள் நோட்டில் உள்ளது

6-ஆம் நாள்: அம்மோனியா 4 பி.பி.எம்., நைட்ரைட் 0.
13-ஆம் நாள்: அம்மோனியா 1, நைட்ரைட் 2.
19-ஆம் நாள்: அம்மோனியா 0.25, நைட்ரைட் 5.

முதல் படை வந்துவிட்டது, இரண்டாம் படை இன்னும் போதவில்லை என்று அர்த்தம். இரண்டும் 0 ஆகி, மறுபடி கொஞ்சம் தீனி போட்டாலும் ஒரே நாளில் 0-க்குத் திரும்பினால்தான் தொட்டி தயார். பிறகும் முதலில் ஒன்றிரண்டு மீன்தான்.

நம்ம பக்கத்திலேயே, முட்டுக்காட்டில் உள்ள 'சிபா' ஆராய்ச்சி நிலையத்தில் 1997-ல் கொடுவா மீனைத் தொட்டியில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். ஆராய்ச்சி நிலையமோ, பள்ளியோ, தொட்டி மீனுக்குத் தண்ணீரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

ஆகவே ஆண்டு விழா அன்று தொட்டியில் மீன் இருக்காது. அதற்குப் பதிலாக நிற அட்டையையும் சோதனைக் குழாய்களையும் பக்கத்தில் வைப்போம். வருகிறவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். விழாவில் கைதட்டு வாங்கிவிட்டு மறுநாள் மீன் செத்து மிதந்தால் அது அறிவியல் இல்லை. பதறாத காரியம் சிதறாது!

யோசியுங்கள்: தொட்டி தயாரான பிறகு ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் என்ன ஆகும்? விடையை அறிவியல் மன்றப் பெட்டியில் போடவும்.

— அறிவியல் மன்ற மாணவன், 11-ஆம் வகுப்பு