மாசி முதல் சித்திரை வரை ஒரு வரைநோட்டு

சிறுவர் புத்தகத்துக்கு வசந்தம் என்று ஒரு படம் கேட்டால், நம்மில் பலருடைய கை முதலில் போடுவது இளஞ்சிவப்புச் செர்ரிப் பூவும் டியூலிப்பும்தான். நம் முற்றத்தில் அவை பூத்ததே இல்லை. கைப்பேசித் திரையில் பார்த்ததைக் கை எடுத்துக்கொள்கிறது. குமரிக் கடற்கரையில் எங்கள் மண்டைக்காட்டு வசந்தத்தின் முகம் வேறு. மாசி வெயில் ஏறும்போது அரசமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். விளைகளில் கொல்லாமா (முந்திரி) பூவும் காயுமாக நிற்கும். பனையில் அக்கானி (பதநீர்) இறங்கும். பகவதி அம்மன் கோவிலில் மாசிக் கொடைக்குக் கொடியேறும். பெண்கள் இருமுடி சுமந்து சாரை சாரையாக வருவார்கள்.

இதை வரைய நான் கைக்கொள்ளும் முறையில் நடப்பது, நடுவது, முடைவது என்று மூன்று வேலை உண்டு. படம் போடுவது அதற்குப் பிறகுதான். மாசி முதல் தேதி தொடங்கினால் சித்திரை விஷுவுக்குள் ஒரு நோட்டு நிறைந்துவிடும்.

நோட்டும் கருவியும்

200 ஜிஎஸ்எம் தாளுக்குக் குறையாத, கைக்கு அடக்கமான நோட்டு வாங்குங்கள். மெல்லிய தாள் கடற்காற்றின் ஈரத்தில் நெளிந்துவிடும். ஒரு 2பி பென்சில், தண்ணீரில் கரையாத மைப்பேனா, சின்ன நீர்வண்ணப் பெட்டி, தாள் பறக்காமல் பிடிக்க இரண்டு கிளிப் போதும். ரப்பர் வேண்டாம். தவறிய கோடு கிடக்கட்டும், பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். முதலில் எதைத் தவறாகப் பார்த்தோம் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தமிழ் மாதம், தேதி, நேரம், நின்ற இடம் நான்கையும் எழுதுங்கள். நேரம் எழுதாத பூப்படம் பாதிப் படம்தான். ஏன் என்று பூவரசு சொல்லும்.

நடப்பது

முதல் வாரம் கடற்கரை. விடியற்காலையில் போங்கள். மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பின் ஊதாப் பூ காலையில் விரிந்து, வெயில் ஏறியபின் சுருங்கிவிடும். இலை ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்திருக்கும். இலையை விட்டுவிட்டு முதலில் கொடியை வரையுங்கள்: கணுவுக்குக் கணு வேர் இறக்கி மணலைப் பிடித்துக்கொண்டு அது ஓடுகிற ஓட்டத்தை ஒரே கோட்டில் பிடியுங்கள். பக்கத்தில் இராவணன் மீசைப் புல் இருந்தால் அதன் முள்ளுருண்டையைக் காற்று உருட்டிப்போகும் திசையையும் அம்புக்குறியிட்டுக் குறித்துவையுங்கள்.

அடுத்து மணல். இங்கே மணலுக்கு ஒரே நிறம் இல்லை. அலை ஒதுக்கிய இடங்களில் இல்மனைட்டின் கறுப்பும் கார்னெட்டின் செம்மையும் வரி வரியாகப் படிந்திருக்கும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மணவாளக்குறிச்சியில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். நார் வாங்கிய எத்தனையோ பேர் தட்டிவிட்ட மணல் அது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. இந்த வரிகளைக் கறுப்பு வண்ணத்தில் இழுத்துவிடாதீர்கள். அடர்நீலமும் செம்பழுப்பும் கலந்த கறுப்பு இன்னும் உயிரோடு இருக்கும். மணலை வண்ணப்பொடியாக்க வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கம் உடையது. கண்ணால் எடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் வாரம் பூவரசு. ஒரே ஒரு பூவைத் தேர்ந்து காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை அதே பூவை வரையுங்கள். காலையில் வெளிர் மஞ்சளும் தொண்டைக்குள் கருஞ்சிவப்புமாக இருந்தது, மாலையில் செம்மையேறித் தளர்ந்து தொங்கும். ஒரு பக்கத்தில் மூன்று பூ அடுத்தடுத்து வந்துவிட்டால், ஒரு நாள் கழிவதைச் சொல்லச் சூரியனை வரைய வேண்டியதே இல்லை.

கொல்லாமாவுக்கு ஒரு நாள் போதாது. வாரத்துக்கு ஒரு முறை அதே கிளைக்குப் போங்கள். பின்னோக்கிச் சுருண்ட சின்ன இதழ்களில் சிவப்புக் கீற்று இருக்கும். முதலில் கொட்டைதான் பருக்கும். பழம் என்று நாம் சொல்லும் காம்பு பிறகுதான் வீங்கி நிறமேறும். பழம் முதலில் வந்து கொட்டை பிறகு ஒட்டிக்கொண்டதுபோல வரைந்த பாடப்புத்தகப் படங்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு வாரம் ஒரே கிளைக்குப் போனவர் அப்படி வரைய மாட்டார்.

பூவை அறுத்தும் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் தென்னிந்தியச் செடிகளை வரைந்தார்கள். முழுக் கிளையோடு, பிளந்த பூ, மகரந்தத் தாள், சூலகம் என்று உறுப்புகளைத் தனித்தனியாகப் போடும் முறை அந்தப் படங்களில் உண்டு. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார் வைட். நம் நாட்டு ஓவியரின் பெயர் செடியில் ஏறிய அந்தச் செய்தி எனக்கு இன்றும் பெருமை தருகிறது. ஒரு செம்பரத்தியைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து, இரு மடங்கு அளவில் வரைந்து தொடங்குங்கள்.

நடுவது

சங்குப்பூ போதும். விதைத்தோல் கடினம் என்பதால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து சட்டியில் நிரப்பி, விரல்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். தரையில் நடுவதானால் குழியின் அடியில் தேங்காய்க் கதம்பையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போடுங்கள். மணல்பாங்கான இடத்தில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். கதம்பை அதைப் பிடித்துவைக்கும். உப்புக்காற்று நேரே அடிக்காத, வெயில் விழுகிற மூலை நல்லது.

மாசித் தொடக்கத்தில் ஊன்றினால் பங்குனி கடைசியில் பூ எதிர்பார்க்கலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மண்ணை முட்டிக்கொண்டு வரும் குனிந்த கழுத்து, முதல் இலை, கம்பைச் சுற்றும் கொடி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பது, எல்லாம் வரையத் தக்கவை. தினமும் தண்ணீர் ஊற்றிய செடியை வரையும்போது கோடு தயங்காது. இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, செடிதான் தந்தது.

பூ வந்ததும் வண்ணம் எடுக்கலாம். செம்பரத்தி இதழ் பத்தைக் கால் டம்ளர் வெந்நீரில் நசுக்கி வடித்தால் ஊதாச் சாறு கிடைக்கும். எலுமிச்சைத் துளி விட்டால் சிவக்கும், சமையல் சோடா சிட்டிகை போட்டால் பச்சை பக்கம் திரும்பும். சங்குப்பூவின் நீலமும் எலுமிச்சைக்கு ஊதாவாகும். தாளில் பூசியதும் நிறம் மங்கி நீலச் சாம்பலானால் பயப்படாதீர்கள். பல தாள்களில் சுண்ணாம்புத் தன்மை உண்டு, அதன் வேலை அது. இந்த நிறங்கள் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். அச்சுக்குப் போகும் படமென்றால் காய்ந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

முடைவது

பனங்குருத்தோலை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் தென்னையோலை. ஈர்க்கை உரித்து, நிழலில் உலர்த்தி, அரை அங்குல அகலத்தில் பதினாறு கீற்று நறுக்குங்கள். முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றிவைத்தால் முறியாது. எட்டு நெடுக்கு, எட்டு குறுக்கு. முதலில் ஒன்று மேலே, ஒன்று கீழே. கை பழகியதும் இரண்டு மேலே, இரண்டு கீழே; ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இடம் தள்ளுங்கள், சாய்வு வரி தானாக விழும். பெட்டி முடைகிற பாட்டிமாரிடம் சுருக்குவழி கேட்டால், "இருந்து பழகு மக்களே" என்றுதான் பதில் வரும். உட்கார்ந்து பழகுங்கள்.

முடைந்த துண்டைச் சாய்ந்த வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஒரு கட்டம் மின்னும், அடுத்தது மங்கும், திருப்பினால் மாறும். நெடுக்கிலும் குறுக்கிலும் இழை ஓடும் திசை வேறு என்பதால் வருவது இது. ஒரே மஞ்சளில் இரண்டு அழுத்தம் போதும், ஓலைப்பெட்டி படத்தில் வந்துவிடும். முடையாத காலத்தில் நான் பெட்டிக்கு வலைக்கோடு போட்டு நிரப்பினேன். அவை கம்பிக்கூடை மாதிரி இருந்தன.

ஒரு நாள் விடிவதற்குள் நாகர்கோவிலைத் தாண்டித் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய் வாருங்கள். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலை அந்த ஊருடையது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் கொண்டு, பாய் போலத் தட்டையாக, மணிக்கல் பதித்த தோற்றத்தில் கட்டுகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளில் அந்த வெள்ளை, சிவப்பு, பச்சையை எண்ணி நிரப்புங்கள். கட்ட எண்ணிக்கை சரியாக இருந்தால் பக்க ஓரத்துக்கு எவ்வளவு நீளமும் தொடரலாம்.

கொடை நாட்களில்

கூட்டத்தை முகம் முகமாக வரையாதீர்கள். விரதமிருந்து வருகிறவர்கள் படத்துக்கு நிற்க வந்தவர்கள் அல்ல. தலையில் இருமுடியைத் தாங்கிய கை, சேலையின் நிறக்கோடு, மண்டையப்பம் வேகும் அடுப்பின் ஆவி, தோரணத்துக் குருத்தோலை ஆகியவற்றைச் சில நொடிக்கோடுகளில் பிடியுங்கள். பத்தாம் நாள் இரவு ஒடுக்கு பூஜைக்கு வெள்ளைத்துணி மூடிய உணவு வகைகள் பவனியாக வரும்போது கூட்டமே வாய் திறக்காது. அந்த நேரம் நோட்டை மூடிவிடுங்கள்; வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள். பின்னால் வரும் குருத்தோலை ஞாயிறன்று கடற்கரை ஊர்களில் அதே குருத்தோலை சிலுவையாக மடங்கும். நீங்கள் ஓலை மடக்கியவர் என்பதால் எந்த மடிப்பு எதற்கு அடியில் போகிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

பங்குனி கடைசியில் நோட்டைப் புரட்டி மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்: நடந்ததில் ஒன்று, நட்டதில் ஒன்று, முடைந்ததில் ஒன்று. நட்ட செடி நடுவில், நடந்த இடம் பின்னால், முடைந்த கட்டம் ஓரத்தில் என்று அடுக்கி, கட்டைவிரல் அளவில் ஆறு மாதிரிகள் போட்டுப் பார்த்தபின் பெரிய தாளுக்குப் போங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். விஷுக்கணிக்குக் கொன்றைக் கொத்து வீட்டுக்கு வரும். விடியும்முன் கணி கண்டு எழுந்ததும், மஞ்சளைக் குழைத்து அந்தப் பக்கத்தில் அதை வரையுங்கள்.