சந்தாபுராவில் எந்தத் தோலுக்கு ஆபத்து?

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் கிளினிக் திறந்த சேதி கேட்டு மகிழ்ச்சி. தோல் புற்றுநோய் பற்றிச் சுவரில் ஒட்ட சன்ஸ்கிரீன் போஸ்டர் அச்சடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு.

சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பிரசாரம் வெள்ளைத் தோலுக்கானது. உன்னிடம் வருகிறவர்கள் தர்மபுரியிலிருந்து வந்த கொத்தனார்கள், சித்தாள்கள், பொம்மசந்திரா கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். வெயிலைப் பெருமளவு அவர்களுடைய மெலனினே தாங்கிக்கொள்ளும். எல்லாருக்கும் ஆபத்து என்று பயமுறுத்தினால் சர்க்கரை மாத்திரைக்கு வைத்திருக்கும் காசில் கிரீம் வாங்குவார்கள், அவ்வளவுதான்.

நம்மவர்களிடம் ஆறாத புண்ணைத் தேடு. சின்ன வயதில் ஸ்டவ் வெடித்த தீக்காயத்தின் வடு, பல ஆண்டுகள் கழித்து உடைந்து ஆறாமல் நின்றால் சந்தேகப்படு. இடுப்பையும் பார். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றைப் பற்றி கனோல்கர், சூர்யாபாய் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1945இலேயே எழுதிவிட்டார்கள். 2024இல் வார்தாவிலும் பீகாரிலும் இரண்டு மூதாட்டிகளுக்கு, பாவாடை நாடா பல்லாண்டு அழுத்திய இடத்தில் புற்று இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் அவர்கள் புண்ணோடு இருந்திருக்கிறார்கள். இடுப்புப் புண்ணை ஆண் டாக்டரிடம் யார் காட்டுவார்கள்? பிரஷர் பார்க்கும்போதே நர்ஸம்மாவை விட்டு, "அக்கா, நாடா கட்டுற இடத்துல கறுப்பு, வெடிப்பு இருக்கா?" என்று கேட்கச் சொல். நாடாவைத் தளர்த்துங்கள், அகலப் பட்டையாக வைத்துத் தையுங்கள், முடிச்சை இடம் மாற்றுங்கள் என்றால் செய்வார்கள். புற்றுநோய் என்ற பேச்சை முதலில் எடுத்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பார். கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்று அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும்.

வெயிலுக்கு உண்மையிலேயே அஞ்ச வேண்டியவர்களும் இருக்கிறார்கள். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள். சிறுநீரக மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சன்ஸ்கிரீனை இவர்களுக்கு எழுது. ஆனால் முழுக்கைச் சட்டை, குடை, அகல விளிம்புத் தொப்பியை அதற்கு மேலே எழுது. பெங்களூரு ஏமாற்றும் ஊர்: 900 மீட்டர் உயரத்தில் காற்று குளுகுளுவென்று இருக்கும், புற ஊதாக்கதிரோ குறையாது. வெளிவேலை பார்க்கிறவராக இருந்தால் நண்பகலில் நிழல் வேலை கொடுக்கச் சொல்லி மேஸ்திரிக்கு உன் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதிக் கொடு. பல நேரம் கிரீமைவிட அந்தத் தாள் வேலை செய்யும்.

ஒரு மாதமாக ஆறாத புண்ணுக்கு ஆயின்மென்ட் மாற்றிக்கொண்டே இராதே. ஓரத்திலிருந்து துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பு. புற்று என்று வந்தால் உன் ஊர் வழியாகப் போகும் அதே ஓசூர் ரோட்டில் அரசின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துப் போன் செய்து போனாரா என்று கேள். ஒரு நாள் கூலி போகுமே என்று பலர் போவதில்லை.

அன்புடன்,
உன் பழைய சீனியர்