கவனம் சிதறாக் கல்வி

நுழையும்முன்

கல்வியும் கேளிக்கையும் ஒரே திரையில் குடியேறிவிட்ட காலம் இது. ஆசிரியர் அனுப்பும் பாடம் வரும் வழியிலேயே நண்பரின் செய்தியும் விளம்பரமும் குறுங்காணொலியும் வந்து சேர்கின்றன. சமூக ஊடகத்தால் மாணவர் இழப்பது எதை? மிகுதியாக இழப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கைக்குள் வந்த வகுப்பறை

செங்கல்பட்டு, 2019 நவம்பர் 29இல் தனி மாவட்டமானது. நான்கே மாதங்களில் கொரோனா பெருந்தொற்று பள்ளிகளின் கதவுகளை அடைத்தது. மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களிலும் செய்யூர், மதுராந்தகம் பகுதிச் சிற்றூர்களிலும் கல்வித் தொலைக்காட்சியும் திறன்பேசியும் வகுப்பறைகளாயின. அதுவரை கைபேசியைத் தொடக்கூடாது என்று கண்டித்த பெற்றோர் பலரும், படிப்புக்காக அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தனர்.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்குப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 27இல், செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்னெல்லையை அடுத்த மரக்காணம் பகுதியிலுள்ள முதலியார்குப்பத்தில், கற்றல் இழப்பை ஈடுசெய்யும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. மாணவர் வகுப்பறைக்குத் திரும்பினர். பாடம் கொண்டுவந்த திறன்பேசியோ வீட்டிலேயே தங்கிவிட்டது.

அது இன்று எதற்குப் பயன்படுகிறது? இந்திய ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 அகவை வரையுள்ள, திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தோரிடம் கேட்டறிந்த விவரங்களை 2024ஆம் ஆண்டின் அசர் அறிக்கை தருகிறது. கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் கல்விக்காகத் திறன்பேசியைப் பயன்படுத்தியதாகச் சொன்னோர் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்திற்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னோர் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர்.

முடிவில்லாத் திரை

புத்தகத்தில் பக்கம் முடியும்; நாளிதழில் செய்தி முடியும். சமூக ஊடகத் திரைக்கு முடிவே இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இம்முறையை 2006இல் வடிவமைத்த அசா ரஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். அடுத்து வருவது சுவையானதா, வெறுமையானதா என்று தெரியாத நிலையே நம்மை மேலும் தள்ளத் தூண்டுகிறது. எப்போது இரை விழும் என்று அறியாத புறா, பொறியை ஓயாது கொத்திக்கொண்டே இருப்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தம் சோதனைகளில் கண்டார். நம் விரலின் நிலையும் அதுவே.

கணக்கில் வராத இழப்பு

'பத்து நிமிடம்தானே பார்த்தேன்' என்று மாணவர் கூறுவதுண்டு. இழப்பு அப்பத்து நிமிடத்தோடு முடிவதில்லை. ஒருமுறை சிதறிய கவனம் மீண்டும் பாடத்தில் ஊன்ற இருபது நிமிடங்கள் வரை ஆகலாம் என யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை குறிப்பிடுகிறது. மாலையில் ஒரு மணி நேரம் படிக்க அமர்பவர் மும்முறை திரையைப் பார்த்தால், அவருக்கு எஞ்சும் நேரம் எவ்வளவு? கணக்கின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும் இழை ஒவ்வொரு முறையும் அறுகிறது. படித்த உணர்வு இருக்கும். படித்தது நினைவில் இராது.

மாமல்லபுரத்தின் 'அருச்சுனன் தபசு' புடைப்புச் சிற்பத்தில், உடல் மெலிந்த தவசி ஒருவர் கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கிறார். கீழே, யானைகளின் அருகே, ஒரு பூனையும் முன்கால்களைத் தூக்கி அவ்வாறே நிற்கிறது. அதன் காலடியில் எலிகள்! தோற்றத்தில் இரண்டும் தவமே, நாட்டத்தில்தான் வேறுபாடு. புத்தகத்தை விரித்துவைத்து, அறிவிப்பு ஒலிக்குச் செவியைத் தீட்டியிருப்பவரின் படிப்பு எந்தத் தவத்தைச் சேர்ந்தது?

மிகுதியாக இழப்பவர் யார்?

இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்து பெலாண்ட், மர்பி என்னும் பொருளியலாளர்கள் 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். கைபேசிக்குத் தடை விதித்த பள்ளிகளில் தேர்வு முடிவுகள் உயர்ந்தன. முன்னணி மாணவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கற்றலில் பின்தங்கியோரே பெரிதும் முன்னேறினர். இதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். தவறவிட்ட பாடத்தை மீண்டும் கற்பிக்கத் தனிப்பயிற்சியும் கற்ற பெற்றோரும் வாய்த்தவர், சிதறிய கவனத்தை எவ்வகையிலேனும் ஈடுசெய்துகொள்வார். குடும்பத்தின் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருபவர்க்கு வகுப்பறை நேரமும் மாலைப் படிப்புமே முதலீடு. அம்முதலைத் திரைக்குக் கொடுத்தால், அவருக்கு அதைத் திருப்பித் தருவார் எவருமில்லை.

கருவியை ஆளுதல்

அதற்காகத் திறன்பேசியைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கும் பகுதி ஆகியவற்றை முன்னறிவிக்கிறது. அத்தகவல் கடலோர மீனவரின் கைபேசிக்கும் வருகிறது. செல்லலாமா, வேண்டாமா என்பது அவர் வினா. விடை கிடைத்ததும் அவர் கை வலையைப் பற்றுகிறது. வினா முதலில், திரை பின்னர் என்னும் இவ்வொழுங்கே மாணவர்க்கும் வேண்டும்.

தேடவேண்டியதைத் தாளில் எழுதிய பின்னரே திறன்பேசியைத் திறக்கலாம். படிக்கும் வேளையில் அதை மற்றோர் அறையில் வைக்கலாம், அறிவிப்புகளை நிறுத்தலாம், உறங்கும் இடத்திலிருந்து விலக்கலாம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 அகவைக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. சட்டம் வாயிலை அடைக்கலாம். உள்ளத்தை ஒருமுகப்படுத்துவது அவரவர் பயிற்சியே. அப்பயிற்சியை இன்றைய மாலைப் படிப்பிலேயே தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரம் நீங்கள் திறன்பேசியைத் திறந்த ஒவ்வொரு முறையும் எதற்காகத் திறந்தீர்கள், எதில் முடித்தீர்கள் என்பதை இரு பத்திகளாக எழுதி ஒப்பிடுக.
2. 'பள்ளிகளில் திறன்பேசிக்குத் தடை தேவையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா
முடிவில்லாத் திரை நம்மை ஈர்ப்பது எவ்வாறு?

சிறுவினா
'அருச்சுனன் தபசு' சிற்பத்தின் பூனையைப் பாட ஆசிரியர் சுட்டுவதன் நோக்கத்தை விளக்குக.

நெடுவினா
கவனச் சிதறலால் முதல் தலைமுறை மாணவரே மிகுதியாக இழக்கின்றனர் என்னும் கருத்தை உங்கள் ஊர்ச் சூழலோடு பொருத்தி ஆராய்க.