தூரத்திலிருந்து பெற்றோருக்கு வீடு பார்ப்பது எப்படி?



இன்று நமது லயங்களில் பிள்ளைகள் ஓரிடம், பெற்றோர் ஓரிடம் என்றாகிவிட்டது. மகன் கொழும்பில் கடையில் வேலை, மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை. வயசான தாயோ தகப்பனோ மட்டும் பழைய காம்பராவில். கூரை ஒழுகினாலும், சுவர் வெடித்தாலும், தனியாக இருக்க முடியாமல் போனாலும் பிள்ளைகள் தூரத்திலிருந்தே வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது? நாம் ஒரு தடவை பிழையாகச் செய்து கற்றுக்கொண்டதை முதலில் சொல்கிறோம்.

நடந்த கதை

நமது பகுதியில் ஒரு தோட்டம். 38 வருஷம் கொழுந்து பறித்த ஒரு தாய், வயது எழுபதைத் தாண்டியவர். கணவர் இல்லை. மகன் கொழும்பில், மகள் குவைத்தில். லயத்துக்குப் பின்னால் பெரிய மண்திட்டு. ஒரு மழைக்காலத்தில் பின்சுவர் வெடித்தது. கதவு நிலையில் இறுகி மூட முடியாமல் போனது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்து, அந்த லயத்தில் யாரும் இருக்கக்கூடாது என்றார்கள்.

மகன் போன் எடுத்தார். "ஐயா, டவுன்ல ஒரு அறை பார்த்துக் குடுங்க. வாடகைய நானும் தங்கச்சியும் அனுப்புறோம்." நாமும் ஓடித்திரிந்து ஹட்டனில் ஒரு மாடி அறை பார்த்தோம். நல்ல சுவர், உள்ளேயே தண்ணீர்க் குழாய், லைட். பிள்ளைகளுக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி. அந்தத் தாயிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாமானைக் கட்டுங்க பாட்டி, வேன் வருது" என்று மட்டும் சொன்னோம்.

23ஆம் நாள் அவர் தனியாக பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டார். வந்தது அதே வெடித்த லயத்துக்கு. அன்று இரவு முழுக்க மழை. காலையில் பிரட்டுக்குப் போன பெண்கள் கூரையில் புகை வருவதைக் கண்டு சொன்ன பிறகுதான் நமக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் பாட்டி இப்படிச் செஞ்சீங்க?" என்று சத்தம் போட்டோம்.

"அங்க 27 படி ஐயா. முழங்கால் விடல. மருந்து முடிஞ்சு பத்து நாளாச்சு, கிளினிக் கொப்பி இங்க டிரங்குப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. விடிஞ்சா பொழுதுபட்டா பேச ஒரு ஆள் இல்ல. என்னை எங்க இருக்கணும்னு யாரு கேட்டீங்க?"

நமக்குப் பதில் இல்லை. மழை இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அங்கேயும் ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. போக ஒரு நல்ல இடம் இல்லாவிட்டால் மனிதர் ஆபத்தான இடத்துக்கே திரும்புவார்கள்.

அன்றே அவரைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தங்கவைத்தோம். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். அப்போதுதான் தெரிந்தது, கீழ்ப் பிரிவில் அவருடைய தங்கச்சி மகள் இருக்கிறார் என்று. "அவ வீட்டோட இருப்பேன். ஆனா அடுப்பு தனியா வேணும். ஒருத்தருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்றார். அந்த இடம் ஆபத்தில்லாததா என்று கிராம உத்தியோகத்தர் மூலம் விசாரித்தோம். தோட்டத்துரையிடம் அனுமதி வாங்கினோம். பிள்ளைகள் ஹட்டன் வாடகைக்கு வைத்த காசில் தகரமும் சீமெந்தும் வாங்கி, பக்கத்தில் சின்ன அறை ஒன்று இறக்கினார்கள். இன்றும் அவர் அங்கேதான் இருக்கிறார்.

இதிலிருந்து படிக்க வேண்டியவை

1. முதலில் அவரைக் கேளுங்கள். "எங்க போகப் பிரியம்? யாரோட இருக்கணும்? எது இல்லாம இருக்க முடியாது?" இந்த மூன்றையும் கேளுங்கள். போனில் கேட்டால் "உங்க இஷ்டம் தம்பி" என்றுதான் சொல்வார்கள். அது சம்மதம் இல்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வரும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். வர முடியாவிட்டால் அவர் நம்பும் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

2. வீட்டைக் கண்ணால் பாருங்கள். ஊரில் உள்ள ஒருவரை வீடியோ கோலில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். எத்தனை படி? கக்கூஸ் எவ்வளவு தூரம்? இரவில் அங்கே வெளிச்சம் உண்டா? தண்ணீர் எங்கே? ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்? சத்தம் போட்டால் கேட்கும் தூரத்தில் யார்? அழகான சுவரைவிட இவைதான் முக்கியம்.

3. மண்ணையும் பாருங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென ஊற்றெடுக்கும் அல்லது கலங்கி வரும் தண்ணீர், இறுகும் கதவு ஜன்னல், இவையெல்லாம் மண்சரிவின் அடையாளங்கள். எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அவசரத்துக்கு இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பெற்றோருக்கு அதை மனப்பாடமாக்குங்கள்.

4. ஒருவர் பொறுப்பெடுங்கள். நாலு பிள்ளைகள் நாலு விதமாகச் சொன்னால் தாய் குழம்பிப் போவார். காசு அனுப்புவது யார், கிளினிக்குக் கூட்டிப் போவது யார், வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது யார் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்ளும் உறவினரின் கைச்செலவையும் மறக்க வேண்டாம்.

5. காகிதங்கள் முதலில் பெட்டிக்குள் போகட்டும். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதங்கள், முதியோர் அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும். வேறு பிரிவுக்குப் போனால் புதிய கிராம உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அரசாங்கக் கொடுப்பனவு தடைப்படலாம். முற்பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்தால் எழுத்தில் ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.

6. காம்பராவை விடும் பயம். "இத விட்டுட்டுப் போனா நாளைக்கு வீட்டுத் திட்டம் வரும்போது நம்ம பேரு விடுபட்டுருமோ" என்று பலர் ஆபத்திலும் அசையாமல் இருக்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. அதனால் போகுமுன் ஏன் போகிறோம், எங்கே போகிறோம் என்று தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

7. அவர் காசு அவர் கையில். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அவருடைய உழைப்பு. வீடு பார்க்கிறோம் என்று சொல்லி அதை எடுத்துவிட வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். அந்த அளவுக்குப் போக விடாதீர்கள்.

8. போனவுடன் விட்டுவிடாதீர்கள். முதல் மாதம்தான் கஷ்டம். தினமும் போன் எடுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இன்னைக்கு யாரோட பேசினீங்க? மருந்து எத்தனை நாளைக்கு இருக்கு?" என்றும் கேளுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

நமது தாய் தகப்பன் இன்று இருக்கும் இடம் மழைக்குத் தாங்குமா? அவர்களுடைய கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? அவர்கள் எங்கே இருக்க ஆசைப்படுகிறார்கள் என்று நாம் எப்போதாவது கேட்டோமா?

மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்றால், அடுத்த தடவை போன் எடுக்கும்போது அதிலிருந்தே தொடங்குங்கள். நாம் அதைக் கேட்காமல் விட்டதால்தான் ஒரு தாய் ஒரு மழை இரவை வெடித்த சுவருக்கடியில் கழித்தார்.